கீழ்ப்பழனி மலைச்சரிவில் ஒரு குத்துக்கல்: பெருங்கற்காலத்ததா? சிமெண்ட் திண்டு கட்டலாமா?

மிளகுக்கொடி:

வணக்கம். கீழ்ப்பழனி மலையில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், ஒரு காப்பித் தோட்டத்தின் மேல் ஓரத்தில் ஒற்றைக் கல் ஒன்று நிற்கிறது. ஊரில் குத்துக்கல் என்றுதான் பெயர். தரைக்கு மேல் ஒன்பதரை அடி. அடியில் மூன்றேமுக்கால் அடி அகலம், உச்சியில் இரண்டேகால் அடி. கனம் 14 அங்குலம். பலகை மாதிரி தட்டையான கருங்கல், பச்சை கலந்த நிறம். உருவமோ எழுத்தோ கண்ணுக்குத் தெரியவில்லை. அடியில் மாடுகள் உரசி உரசி ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. கல் லேசாகச் சாய்ந்தும் இருக்கிறது, கைபேசியில் வைத்துப் பார்த்தால் 8 பாகை.

ஆடி மாதம் பொங்கல் வைப்பதற்கு முன் கல்லைச் சுற்றி மூன்றடி தோண்டி, கம்பி கட்டி, சிமெண்ட் திண்டு போட்டு, பெயிண்ட் அடிக்கலாம் என்று ஊரில் பேச்சு. மூன்று கேள்விகள். இது உண்மையிலேயே பெருங்கற்காலக் கல்தானா என்று எப்படிப் பார்ப்பது? திண்டு கட்டினால் கல்லுக்கு நல்லதா, கெடுதலா? யாரிடம் தெரிவிக்க வேண்டும்?

கற்குவை:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நிற்கிற கல் எல்லாம் நெடுங்கல், அதாவது பெருங்கற்காலத்தார் இறந்தவர் நினைவாக நட்ட உயரமான ஒற்றைக் கல், ஆகாது. நம் ஊரில் கல் நட ஆயிரம் காரணம் உண்டு. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆவுரிஞ்சு கல். மாடுகள் தினவு தீர உரசிக்கொள்வதற்கென்றே கல் நடுவது பழைய அறம்; முப்பத்திரண்டு அறங்களில் 'ஆதீண்டு குற்றி' என்று வருவது இதுதான். ஆனால் அது மாட்டின் உயரத்துக்குத் தக்கபடி நாலைந்து அடிதான் இருக்கும், மேய்ச்சல் வழியிலோ நீர்த்துறை அருகிலோ நிற்கும். ஒன்பதரை அடிக் கல்லை மாட்டுக்காக யாரும் தூக்கி நிறுத்த மாட்டார்கள். உங்கள் கல்லில் மாடு உரசுவது பின்னால் வந்த பழக்கம்.

அடுத்தது எல்லைக்கல். கோயில் நிலத்து எல்லையில் சூலமும், பெருமாள் கோயில் நிலமானால் சக்கரமும் பொறித்திருப்பார்கள். நில அளவைக் கல்லில் அம்புக்குறியோ கூட்டல் குறியோ வெட்டியிருக்கும், அளவும் சிறியது. சுமைதாங்கி என்றால் இரண்டு கால், மேலே குறுக்குக் கல். இரண்டு கால்களில் ஒன்று விழுந்து மற்றது தனியாக நின்றால் நம்மை ஏமாற்றும், ஆனால் உச்சியில் குறுக்குக் கல் உட்காரச் சமமாக்கிய தடம் இருக்கும். மாடு பூட்டி நீர் இறைத்த கமலைக் கிணற்றுக் கல்தூண் என்றால் துளை இருக்கும், பக்கத்தில் கிணறும் இருக்கும்.

பிறகு உளித்தடம். விளிம்பில் வரிசையாகச் செவ்வகக் குழிகள் தெரிந்தால் ஆப்பு அடித்துப் பிளந்த கல், பெரும்பாலும் பிற்காலம். பாதி உருளையாக நீண்ட துளைத்தடம் இருந்தால் இயந்திரம் போட்டது. பெருங்கற்காலத்தார் பாறையில் தானாகவே ஏடு ஏடாகப் பிரிந்த பலகைகளை நெம்பி எடுத்தார்கள். பழனி மலையில் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பச்சை கலந்த கருங்கல் வகைப் பாறை. வெயிலிலும் மழையிலும் அது வெங்காயத் தோல் மாதிரி உரியும், ஓரடி கனத்தில் பலகை கிடைப்பது எளிது. நீங்கள் சொன்ன பச்சை நிறமும் 14 அங்குலக் கனமும் அதற்குப் பொருந்துகின்றன.

மேலிருந்து சரிந்து வந்து தானாகச் செருகி நிற்கும் பலகையும் உண்டு. அதைப் பிரித்தறிய அடியைப் பாருங்கள். மனிதர் நட்டதென்றால் கல்லுக்கும் குழிச்சுவருக்கும் இடையில் தலையளவுத் துண்டுக்கற்களைச் செருகி இறுக்கியிருப்பார்கள். மாடு உரசிய பள்ளத்திலேயே அவை தலைகாட்டலாம். பார்ப்பதற்காக ஒரு பிடி மண்ணையும் கிளறாதீர்கள்.

கடைசிச் சோதனைதான் முக்கியமானது: கல்லை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். 200 மீட்டர் சுற்றுவட்டத்தில் நடந்து, மண்ணுக்கு மேல் நாலு பலகையும் மூடுகல்லுமாக நிற்கும் கல்திட்டை, மண்ணுக்குள் புதைந்த கல்பதுக்கை, வட்டமாகக் கிடக்கும் உருண்டைக் கற்கள், கற்குவை, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடு, இரும்புக் கசடு இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கீழ்ப்பழனி இதற்குப் பேர்போன பகுதி. ஆங்கிலேட், நியூட்டன் என்ற இருவர் பழனி மலைக் கல்திட்டைகளைப் பதிவு செய்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்திருக்கிறார். அருகில் இப்படி ஈமச்சின்னம் (இறந்தவருக்கு எழுப்பியது) ஒன்று கிடைத்துவிட்டால் உங்கள் கல் அதன் கூட்டாளி என்று சொல்ல வலு வரும்.

ஆண்டு மட்டும் கேட்காதீர்கள். கல்லைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பெருங்கற்சின்னங்கள் இரும்புக்காலத்தில் தொடங்கி, தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழி புழங்கிய காலம் வரை நீண்டிருக்கின்றன.

தூக்குநூல்:

திண்டு பற்றி. தோண்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் அளவுகளை மீட்டரில் எடுத்துக்கொண்டால் உயரம் 2.9, அடி அகலம் 1.1, உச்சி அகலம் 0.7, கனம் 0.35. சராசரி அகலம் 0.9. பெருக்கினால் 0.91 கன மீட்டர். மூலைகள் மழுங்கியிருப்பதற்கு 15 சதவீதம் கழித்தால் 0.78. இந்தப் பாறையின் அடர்த்தி ஏறத்தாழ 2.7. ஆக, தரைக்கு மேல் இருப்பதே 2.1 டன். மண்ணுக்குள் இன்னொரு 0.9 மீட்டர் இருக்கிறது என்று வைத்தால் சுமார் 0.9 டன் கூடும். மொத்தம் 3 டன்.

இப்போது சாய்வு. அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் இருப்பதால் எடைமையம் தரையிலிருந்து 1.34 மீட்டர் உயரத்தில் விழும். 8 பாகை சாய்ந்தால் அந்த மையம் 19 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கனத்தில் பாதி 17 சென்டிமீட்டர்தான். அதாவது கல் தன் தட்டையான முகத்தின் பக்கமாகச் சாய்ந்திருந்தால், எடைமையம் ஏற்கெனவே அடியின் விளிம்பைத் தாண்டிவிட்டது. தரைமட்டத்தில் வெறுமனே வைத்த கல்லாக இருந்தால் எப்போதோ விழுந்திருக்கும். குழிக்குள் இருக்கும் பகுதியும் அதை இறுக்கும் துண்டுக்கற்களும் மண்ணும்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் மூன்றடி தோண்டினால் எடுப்பது அந்தப் பிடியைத்தான். குழிக்குள் ஆள் நிற்கும்போது 3 டன் கல் விழும். இதைத் தயவுசெய்து ஊர்க் கூட்டத்தில் உரக்கச் சொல்லுங்கள்.

அகலவாக்கில் சாய்ந்திருந்தால் கதை வேறு. அந்தப் பக்கம் பாதி அகலம் 55 சென்டிமீட்டர்; 8 பாகை ஒன்றும் செய்யாது. எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.

விழாமல் திண்டு கட்டி முடித்தாலும் கெடுதல்தான். கல்லும் சிமெண்டும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி விழும். மழைநீர் அதில் இறங்கி வெளியேற முடியாமல் நிற்கும். சிமெண்டிலிருந்து கரையும் உப்பு கல்லின் துளைகளுக்குள் போய், வெயிலில் படிகமாகி, தரைமட்டத்துக்குச் சற்று மேலே செதில் செதிலாக உதிர்க்கும். மண் சற்றே நகர்ந்தால் கல்லும் கூடவே நகர்ந்து அமரும். கெட்டியான திண்டு நகராது. அந்த விளிம்பில் கல்லே ஒடியும்.

மிளகுக்கொடி:

நன்றி. இன்று போய்ப் பார்த்தேன். சாய்வு தட்டை முகத்தின் பக்கம்தான், சரிவில் கீழ்நோக்கி. உளித்தடம், துளை எதுவும் இல்லை. உரசல் பள்ளத்தில் மேட்டுப்பக்கம் மூன்று துண்டுக்கற்கள் தலை நீட்டிக்கொண்டிருக்கின்றன. கல்லுக்குக் கீழே நாற்பது தப்படி தூரத்தில், காப்பிச் செடிகளுக்கு நடுவே மூன்று பலகைக் கற்கள் நிற்கின்றன, நாலாவது சாய்ந்து கிடக்கிறது, பெரிய மூடுகல் ஒன்று பக்கத்தில் புரண்டிருக்கிறது. குத்துக்கல்லிலிருந்து இரண்டடியில் ஒரு சில்வர் ஓக் மரமும் இருக்கிறது, வேர் அடிக்குள் போகிறது.

கற்குவை:

நிற்பது கல்திட்டை. புரண்ட மூடுகல்லை நிமிர்த்தி வைக்க யாரும் முயல வேண்டாம்; உள்ளே இருக்கும் மண்ணையும் தொட வேண்டாம். துண்டுக்கற்கள், கல்திட்டை, உளித்தடம் இல்லாமை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நெடுங்கல் என்றே சொல்வேன்.

இன்னொன்று: தட்டை முகத்தில் எழுத்து இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். உங்கள் மலைக்குத் தெற்கே, வைகைப் பள்ளத்தாக்கில் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி எழுத்துள்ள நடுகற்கள் மூன்றைக் கண்டெடுத்தார்கள். 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்று ஒன்றில் இருக்கிறது. ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு நட்டது. 'நடுகற் பீலி சூட்டி' என்று அகநானூறு 35ஆம் பாட்டு பாடுகிற உலகம் அது. பொறித்த எழுத்து மெல்லியதாக இருந்தால் நண்பகல் வெயிலில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

சாய்வொளி:

எழுத்தோ கீறலோ இருக்கிறதா என்று பார்க்க இரவில் போங்கள். கல் முகத்தை ஒட்டினாற்போல், 10 முதல் 15 பாகைக் கோணத்தில் டார்ச்சைப் பிடித்து, வலம், இடம், மேல், கீழ் என நாலு திசையிலிருந்தும் அடித்துப் படம் எடுங்கள். கேமரா முக்காலியில் அசையாமல் இருக்க வேண்டும், விளக்கு மட்டும் நகர வேண்டும். ஒரே திசை ஒளியில் மட்டும் தெரியும் கோட்டை எழுத்து என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சாக்பீஸ், மாவு, விபூதி எதையும் தேய்க்காதீர்கள். மாவு பூஞ்சையை வளர்க்கும். சாக்பீஸ் தேய்ப்பவர் தன்னையறியாமல் தான் பார்க்க விரும்பும் எழுத்தை வரைந்துவிடுகிறார், பிறகு வருகிறவர் அதைத்தான் படிக்கிறார். மைப்படி எடுப்பது, அதாவது தாளை ஒற்றி மை தட்டி எழுத்தைப் படியெடுப்பது, பயிற்சி பெற்றவர் வேலை. படிந்திருக்கும் பாசியையும் சுரண்டாதீர்கள், அதோடு கல்லின் மேல்தோலும் வரும்.

பல படங்களைக் கணினியில் இணைத்து உருவாக்கும் முப்பரிமாணப் பதிவுக்குப் பகலில் மேகமூட்டமான நேரம் நல்லது, நிழல் விழாது. கல்லைச் சுற்றி முழங்கால் உயரம், மார்பு உயரம், கம்பில் கட்டித் தலைக்கு மேல் என மூன்று சுற்று வாருங்கள். சுற்றுக்கு 25 படம். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். பலர் தவறுவது இரண்டு இடத்தில்: உச்சியை விட்டுவிடுவது, அளவுகோல் வைக்காமல் எடுப்பது. வண்ணக் கட்டம் போட்ட 1 மீட்டர் குச்சி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்துங்கள், கல்மேல் சாய்க்க வேண்டாம்.

உயரத்தை மேட்டுப்பக்கமும் பள்ளப்பக்கமும் தனித்தனியாக எழுதுங்கள். சரிவில் மேட்டுப்பக்கம் மண் வந்து குவிந்திருக்கும், பள்ளப்பக்கம் அரித்திருக்கும். இரண்டுக்கும் அரை மீட்டர் வரை வித்தியாசம் வரலாம். சுற்றளவை அடியிலிருந்து 30 சென்டிமீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் உயரங்களில் நூல் சுற்றி எடுங்கள். தட்டை முகம் எந்தத் திசை பார்க்கிறது என்பதைக் காந்தத் திசைகாட்டியால் எடுக்கும்போது கல்லை ஒட்டி நின்று பார்க்காதீர்கள். சார்னோக்கைட்டில் காந்த இரும்புத்தாது கலந்திருக்கும், முள் திரும்பும். கல்லின் நீளவாக்கில் 5 மீட்டர் தள்ளி நின்று ஒருமுறை, எதிர்ப்பக்கம் 5 மீட்டரில் இன்னொரு முறை பாருங்கள். இரண்டுக்கும் சரியாக 180 பாகை வித்தியாசம் வந்தால் நம்பலாம்.

இருப்பிடத்தைத் தசம பாகையில் 5 இலக்கம் வரை குறியுங்கள். அந்த ஐந்தாம் இலக்கம் ஒரு மீட்டர் அளவுதான். சில்வர் ஓக் நிழலில் கைபேசி அவ்வளவு துல்லியம் தராது. வெட்டவெளிக்கு வந்து எடுத்து, அங்கிருந்து கல்வரை தூரத்தையும் திசையையும் அளந்து எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: அந்த எண்களை இங்கே போடாதீர்கள். புதையல் தேடுகிறவர்களும் இந்த மாதிரிப் பக்கங்களைப் படிக்கிறார்கள்.

தூக்குநூல்:

தட்டை முகத்தின் பக்கம், சரிவில் கீழ்நோக்கி என்றால் கவலைப்பட வேண்டிய நிலைதான். தொல்லியல் துறையிலிருந்து ஆள் வரும்வரை தோண்டாமல் செய்யக்கூடியது இது.

சாய்ந்த பக்கம் மணல் மூட்டை அடுக்குங்கள். தரையில் கல்லிலிருந்து வெளிப்பக்கம் 1.2 மீட்டர், கல்லின் அகலம் முழுக்க 1.1 மீட்டர், உயரம் 1 மீட்டர், முக்கோணச் சரிவாக. 25 கிலோ மூட்டை 40லிருந்து 45 வரை பிடிக்கும். முழுக்க நிரப்பாமல் முக்கால் பங்கு நிரப்பினால்தான் கல்லின் வளைவுக்கு மூட்டை படியும். இது கல்லைத் தாங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். சாய்வின் வேகத்தைத் தணிக்கும், மாட்டையும் தள்ளிவைக்கும், அவ்வளவே. சாய்ந்த பக்கம் உட்காரவோ விளையாடவோ யாரையும் விடாதீர்கள். கயிறு கட்டி 4 மீட்டர் மறித்துவிடுங்கள். மூட்டை அடுக்கும்போதும் இரண்டு பேர் பக்கவாட்டில் நின்று அடுக்க வேண்டும், கல்லுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது.

கல்லை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டாதீர்கள். காற்றில் மரம் ஆடும்போது ஒவ்வொரு முறையும் கல்லை அசைக்கும். சில்வர் ஓக்கை வேரோடு பிடுங்கினால் குழியே பெயர்ந்துவிடும். உரிய அனுமதி வாங்கிக் கிளைகளைக் குறைத்து, பிறகு தரைமட்டத்தில் அறுத்து, வேரை அப்படியே மக்க விட வேண்டும். அதையும் துறை ஆளைக் கேட்டபின் செய்யலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய எதிரி. மேட்டிலிருந்து வரும் ஓட்டத்தை விலக்க, கல்லுக்கு 5 மீட்டர் மேலே வளைவாக ஒரு வரப்புப் போடுங்கள். வாய்க்கால் வெட்ட வேண்டாம். வேறு இடத்து மண்ணைக் கொண்டுவந்து தரைமேல் போடுங்கள். உரசல் பள்ளத்தை அதே மாதிரி வெளிமண் போட்டு நிரப்பலாம், ஆனால் முதலில் படம் எடுத்து, பழைய மட்டம் தெரிய ஒரு சாக்குத்துணி விரித்து, அதன்மேல் நிரப்புங்கள்.

சாய்வு கூடுகிறதா என்று மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று தூக்குநூலோடு படம் எடுங்கள். 1 பாகை கூடினால் உச்சி 5 சென்டிமீட்டர் நகரும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும்.

வெள்ளிலை:

ஊர்க்காரர்களிடம் பேசும்போது "கும்பிடாதீர்கள்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அந்தக் கல் இதுவரை உடைபட்டு வேலிக்கால் ஆகாமல் நிற்பதே அவர்கள் கும்பிட்டதால்தான். தேர்ந்த கல்லைக் கண்டு, எடுத்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதைத் தொல்காப்பியமே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று முறையாகச் சொல்கிறது. வழிபாடு அந்தக் கல்லின் வாழ்க்கையில் ஒரு பகுதி.

மாற்றச் சொல்ல வேண்டியது சில பொருள்களைத்தான். சூடத்தைக் கல்லை ஒட்டி ஏற்றினால் அந்த இடம் மட்டும் சூடேறி மேல்தோல் உரியும். விளக்கையும் சூடத்தையும் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு தட்டைக் கல்லில் ஏற்றலாம். எண்ணெய்க் காப்பு புகையோடும் தூசியோடும் சேர்ந்து கெட்டித் தோலாகிவிடும், அதற்குள் என்ன எழுத்து இருந்தாலும் மறையும். மஞ்சளும் சந்தனமும் மழையில் போகும், பெரிய கேடில்லை. பெயிண்ட் வேண்டவே வேண்டாம். அது நீரை உள்ளே அடைக்கும், பின்னால் அகற்றப் போகிறவர் அமிலமும் கம்பித் தூரிகையும் எடுப்பார். மாலையைக் கம்பியில் கட்டாமல் நாரில் கட்டச் சொல்லுங்கள். திண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் எதிரே, ஒரு பத்து மீட்டர் தள்ளி, பொங்கல் வைக்கத் தளம் போடலாமே. அதையும் சாய்வுப் பக்கம் போடாமல் மேட்டுப்பக்கம், தோண்டாமல், மண்மேல் கல் பரப்பிச் செய்யலாம்.

மாட்டுக்கும் வழி வேண்டும். அவை உரச இடம் தேடும். இருபது மீட்டர் தள்ளி நாலரை அடியில் ஒரு புதுக்கல் நட்டுவிடுங்கள், ஆவுரிஞ்சு கல். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். அந்தக் குழியைத் தோண்டும் முன் பானை ஓடு கிடக்காத இடமா என்று பாருங்கள்.

அடங்கல்:

தெரிவிக்கும் முறை. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண் கேளுங்கள். கிராம நில விவரங்கள் உள்ள அ-பதிவேட்டில் அது பட்டாவா, புறம்போக்கா, வனமா என்று தெரியும். புலப்படத்தில் கல் எல்லை முனையில் விழுகிறதா என்றும் பாருங்கள். முனையில் விழுந்தால் எல்லைக்கல் என்று வாதம் வரும். ஆனால் பழைய நெடுங்கல்லையே நில அளவையர் எல்லைக் குறியாக எடுத்துக்கொண்ட இடமும் உண்டு, அதனால் அது ஒன்றே முடிவாகாது.

பிறகு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு. நகல் வட்டாட்சியருக்கும், சென்னை எழும்பூரில் உள்ள மாநிலத் தொல்லியல் துறை ஆணையருக்கும். வன நிலமானால் வனச்சரகருக்கும். மனு ஒரு பக்கம் போதும்: புல எண், இருப்பிடம், அளவுகள், நான்கு படங்கள், அருகில் கல்திட்டை இருப்பது, சாய்வு 8 பாகை, விழும் அபாயம், ஊரில் திண்டு கட்டும் யோசனை. "ஆய்வு செய்து தக்க நடவடிக்கை எடுக்க" என்று மட்டும் முடிக்காமல், "சாய்வைச் சரிசெய்யத் தொழில்நுட்ப ஆலோசனை வேண்டும்" என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுப்படையான மனு கோப்பில் தங்கிவிடும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

சட்டத்தைப் பெரிதாகக் காட்டி ஊரை மிரட்ட முடியாது. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் மாநிலத்தின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னங்களுக்கே முழுமையாகப் பொருந்தும். 100 மீட்டர் தடைப் பகுதி என்று எல்லோரும் சொல்வதும் மத்தியப் பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான். உங்கள் கல் இன்னும் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் தோண்டும்போது உள்ளே ஏதாவது கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வந்துவிடும்: 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம்.

தோட்டம் பட்டா நிலமானால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தை மனுவோடு இணையுங்கள். நிலம் பறிபோய்விடும் என்ற பயத்தில்தான் பலர் கல்லைப் புரட்டிவிடுகிறார்கள். முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள்.

சாய்வொளி:

ஒன்று விட்டுப்போயிற்று. துண்டுக்கற்கள் வெளியே தெரிகின்றன என்று மிளகுக்கொடி எழுதியிருந்தார். அவற்றுக்கு அடியில் உள்ள மண் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை ஆய்வகத்தில் அளந்து, கல் நட்ட காலத்தை நெருங்கலாம். ஒருமுறை வெளிச்சம் பட்டால் அந்தக் கணக்கு அழிந்துவிடும். பள்ளத்தை நிரப்பும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள், நாளையே சாக்குத்துணியாவது விரித்து மூடிவிடுங்கள். துண்டுக்கற்களில் ஒன்றைக்கூட நகர்த்த வேண்டாம்.

மிளகுக்கொடி:

மூடிவிட்டேன். தோட்டக்காரர் மூட்டைக்கு மணல் தருகிறேன் என்றார். ஞாயிறு ஊர்க் கூட்டம். தூக்குநூல் போட்ட கணக்கை ஒரு தாளில் பெரிதாக எழுதி எடுத்துப் போகிறேன்.